ஹாரிஸ் பிரபு

விளையாட்டுக் களத்தில் ஜாதியும் நிறமும் தலைகாட்டா என்பது உலகோர் வழக்கமாய்ச் சொல்லும் வார்த்தை. அது எவ்வளவு தூரம் மெய் என்று அறிய விரும்புவோர் ஹாரிஸ் பிரபுவின் சரித்திரத்தைச் சற்று நோக்குவார்களாக.

1851-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி டிரினிடாட் தீவில் பிறந்தவர் அவர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை வீழ்த்திய சேனாதிபதி அவருடைய பாட்டனாரின் தந்தை. தகப்பனாரோ 1854 முதல் 1859 வரை, நமது முத்துக்குளித்துறையும் அடங்கிய சென்னை ராஜதானியின் கவர்னர். ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்ற இவர் கிரிக்கெட்டில் பெயர் பெற்று, கெண்ட் கோஷ்டிக்கும் இங்கிலாந்து கோஷ்டிக்கும் தலைவரானார். 1880-ல் இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவை வென்றது அவர் தலைமையிலேதான். ஆட்டத்தில் அவர் சூரர் என்பதை மறுப்பதற்கில்லை.

1890-ல் பம்பாய்க் கவர்னராக வந்தார். சுதேச வாலிபர்கள் கிரிக்கெட் ஆடிய மைதானத்தை ஐரோப்பியரின் போலோ குதிரைகள் குளம்பால் குதறிக்கொண்டிருந்த காலம் அது. போலோவை வேறிடத்துக்கு மாற்றும்படி ஆயிரம் பேருக்கு மேல் கையொப்பமிட்டு மனுச் செய்தார்கள். கிரிக்கெட்டையே உயிராய் மதித்த கவர்னர் அம்மனுவைத் தள்ளினார். 1893 ஆகஸ்டில் பம்பாய் நகரம் வகுப்புக் கலகத்தால் பற்றி எரிந்தது. அவரோ பூனாவை அடுத்த கணேஷ்கிண்டில் கிரிக்கெட்டில் ஈடுபட்டிருந்தார்; ஒன்பதாம் நாளே நகரம் திரும்பினார்.

பொறுமையில் இந்தியர் ஒருநாளும் ஆங்கிலேயருக்கு நிகராகார் என்பது அவருடைய அபிப்பிராயம். மூச்சை அடக்கிக் கடலடியில் சிப்பி தேடிய நம் குளியாளிகள் இதைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பார்கள்.

அவர் ஒரு நன்மையும் செய்யவில்லையா? செய்தார். முஸ்லிம்களுக்கும் ஹிந்துக்களுக்கும் ஜிம்கானா அமைக்க நிலம் அளித்தார். ஆயினும் வகுப்புக்கு ஒன்று, அதற்குமேல் இல்லை என்று வரம்பு கட்டியே அளித்தார். அந்த வரம்பின்மேல் வளர்ந்த வகுப்புவாரிப் பந்தயங்கள் 1946-ல்தான் ஒழிந்தன.

இத்துடன் நிறுத்தினால் வழக்கில் பாதியை மறைத்தவர்களாவோம். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பல்வங்கர் பாலு 1911-ல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகள் சாய்த்த வீரர். அவரைப் பூனாவில் வெளியே நிறுத்தி, மண்கோப்பையில் தேநீர் கொடுத்தவர்கள் வெள்ளையரல்லர். அவரோடு ஒரே கோஷ்டியில் ஆடிய ஹிந்துக்கள்! அவருடைய பந்துவீச்சை வேண்டினார்கள். தலைமைப் பதவியை அவருக்குக் கடைசிவரை கொடுத்தாரில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கே 1923-ல் அது கிட்டியது. ஹாரிஸ் பிரபுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நாம், அதே கூண்டில் நமக்கும் இடம் உண்டு என்பதை மறக்கலாகாது.

1932 மார்ச் 24-ல் பிரபு காலமானார். அவர் பெயர் தாங்கிய ஹாரிஸ் கேடயப் பந்தயத்தில்தான் 1988-ல் சச்சின் டெண்டுல்கர், வினோத் காம்ப்ளி என்னும் இரு பம்பாய்ச் சிறுவர்கள் ஆட்டமிழக்காமல் சேர்ந்து 664 ஓட்டங்கள் குவித்தார்கள். அதற்கும் முன்பே, தகப்பனார் ஆண்ட சென்னையில், 1952 பிப்ரவரியில், இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது, தோற்றது இங்கிலாந்து. பொறுமை எவருக்குச் சொந்தம் என்ற வழக்குக்கு அதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டுவதில்லை. சமத்துவம் பற்றிய வழக்கோ நம் ஊர் மைதானங்களில் இன்னும் முடிவுறவில்லை. அதில் தீர்ப்பு எழுத வேண்டியவர்கள் நாமே.