வலது கை போயிற்று, குறி போகவில்லை!

ஒரு வித்தை மனிதனிடம் எங்கே குடியிருக்கிறது? மிருதங்கம் வாசிப்பவருக்கு விரலில் இருக்கிறது என்போம். சித்திரம் தீட்டுகிறவருக்கும் விரலில்தான் என்போம். அப்படியானால் அந்தக் கை ஒரு நாள் போய்விட்டால் வித்தையும் அதோடு போய்விடுமா?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் ஹங்கேரி நாட்டுப் பட்டாளத்துக்காரர். கைத்துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவதில் சூரர். பெயர் காரோய் டகாச். எந்தக் கையை நம்பி அவர் புகழ் வளர்ந்ததோ, அந்தக் கையிலேயே குண்டு வெடித்தது. அதன் பிறகுதான் அவர் உலகத்தை வென்றார்!

சார்ஜெண்டுக்கு இடமில்லை

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் 1910-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி டகாச் பிறந்தார். வாலிபத்தில் ராணுவத்தில் சேர்ந்தார். அங்கேதான் துப்பாக்கி அவருக்குத் தோழன் ஆயிற்று. இருபத்தாறு வயதுக்குள் கைத்துப்பாக்கி சுடுவதில் நாட்டின் முன்னணி வீரர்களில் ஒருவராகிவிட்டார்.

1936-ல் பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயம் வந்தது. ஹங்கேரி கோஷ்டியில் டகாச் போவதுதான் நியாயம். ஆனால் அவர் போகவில்லை. காரணம் அவருடைய குறி அல்ல, அவருடைய பதவி! அவர் வெறும் சார்ஜெண்ட். அதிகாரி அந்தஸ்து பெற்றவர்கள் மட்டுமே ஒலிம்பிக் கோஷ்டியில் இடம் பெறலாம் என்று அந்நாட்டு ராணுவத்தில் அப்போது ஒரு விதி இருந்தது.

குறிப்பலகைக்குச் சுடுகிறவன் சார்ஜெண்டா, கர்னலா என்று தெரியுமா? தெரியாது. ஆனால் விதி விதிதான். டகாச் வீட்டிலேயே இருந்தார்.

பெர்லின் பந்தயம் முடிந்த பிறகு அந்தத் தடை நீங்கியது. அடுத்த பந்தயம் 1940-ல். அதற்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. டகாச் நம்பிக்கையோடு அப்பியாசத்தைத் தொடர்ந்தார்.

கையில் வெடித்த குண்டு

1938-ம் வருஷம். ராணுவப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. டகாச் ஒரு கையெறி குண்டை வலது கையில் எடுத்தார். அது பழுதான குண்டு. வீசுவதற்கு முன்பே கையிலேயே வெடித்துவிட்டது!

துப்பாக்கி பிடித்த அந்த வலது கை சிதைந்து போயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பதவி போதவில்லை என்று தடுத்த விதி நீங்கி அதிக காலம் ஆகவில்லை. அதற்குள் விதி என்ற வேறொன்று குறுக்கே வந்து நின்றது. கதை இத்தோடு முடிந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அனுதாபம் கிடைத்திருக்கும். உபகாரச் சம்பளத்தோடு ஒதுங்கியிருக்கலாம்.

டகாச் அப்படி ஒதுங்கவில்லை. போன கையை நினைத்து அழுதுகொண்டிருக்காமல், இருக்கிற கையைப் பார்த்தார். இடது கை நன்றாகத்தான் இருந்தது.

ரகசிய அப்பியாசம்

இடது கையால் சுடுவது லேசான காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. வலது கையால் எழுதுகிற யாராவது இடது கையால் தம் கையெழுத்தைப் போட்டுப் பார்க்கட்டும். எழுத்து தெரியும், ஆனால் கை கேட்காது. குழந்தை கிறுக்கியது போல இருக்கும்.

துப்பாக்கியில் தொல்லை இன்னும் அதிகம். நம் இரண்டு கண்களில் குறி பார்ப்பதில் ஒரு கண்ணே முந்தி நிற்கும். வலது கைக்காரர்களில் பெரும்பாலோருக்கு அது வலது கண். துப்பாக்கியை இடது கைக்கு மாற்றினால், குழலும் கண்ணும் ஒரே கோட்டில் வருவதற்குப் புதிதாகப் பழக வேண்டும். உடம்பைத் திருப்பி நிற்கும் கோணம் மாறும். கைப்பிடி மாறும். விசையை இழுக்கும் விரலுக்கு, பதறாமல் மெல்ல அழுத்துவது எப்படி என்று ஆனா ஆவன்னாவிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். மயிரிழை நடுங்கினாலும் போதும். இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் குண்டு எங்கோ போய்விடும்.

ஆனால் ஒன்று உண்டு. மூச்சை எப்போது நிறுத்துவது, குறி கூடுவதற்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது, பதற்றத்தை எப்படி அடக்குவது என்ற பாடங்கள் கையில் எழுதியிருக்கவில்லை. அவை டகாச்சின் நெஞ்சில் இருந்தன. குண்டு அவற்றைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் இடது கையால் சுட்டுப் பழக ஆரம்பித்தார். யாரிடமும் பறைசாற்றவில்லை. அத்தனையும் ரகசியம்.

வேடிக்கை பார்க்க வந்தவரா?

1939-ம் ஆண்டு வசந்த காலத்தில் ஹங்கேரி தேசியக் கைத்துப்பாக்கிப் போட்டி நடந்தது. அங்கே டகாச் வந்து நின்றார். பழைய சகாக்கள் ஓடி வந்து துக்கம் விசாரித்தார்களாம். கை போன பிறகும் தங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தாரே என்று மனம் நெகிழ்ந்தார்களாம். தாம் பார்க்க வரவில்லை, போட்டியிடவே வந்திருப்பதாக அவர் சொன்னதும் திகைத்தார்கள் என்று அந்தச் சம்பவத்தை விவரிப்பார்கள்.

அடுத்த திகைப்பு குறிப்பலகையில் காத்திருந்தது. தேசியப் பட்டத்தை டகாச் இடது கையால் வென்றுவிட்டார்!

அதே ஆண்டு ஸ்விட்சர்லாந்து நாட்டின் லூசர்ன் நகரில் நடந்த உலகப் போட்டியில் பட்டம் பெற்ற ஹங்கேரி கோஷ்டியிலும் அவர் இருந்தார். இனி ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுதான் பாக்கி.

கண்ணெதிரே மூடிய இரண்டு கதவுகள்

1940-ம் வருஷப் பந்தயம் முதலில் டோக்கியோவில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் கைவிடவே பின்லாந்தின் ஹெல்ஸிங்கி நகருக்கு மாற்றினார்கள். 1939 செப்டம்பரில் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது, பந்தயம் ரத்தாயிற்று. 1944-ல் லண்டனில் நடக்க வேண்டிய பந்தயமும் நின்று போயிற்று.

குறிப்பலகையை நோக்கிச் சுட வேண்டிய வாலிபர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1944 டிசம்பரிலிருந்து 1945 பிப்ரவரி வரையில் புடாபெஸ்ட் நகரமே முற்றுகையில் சிக்கியது. டான்யூப் நதியின் மேலிருந்த பாலங்களெல்லாம் தகர்ந்து விழுந்தன.

விளையாட்டு வீரனுக்கு வயது ஒரு மூலதனம். டகாச்சின் மூலதனத்தை யுத்தம் தின்றுவிட்டது. அவருடைய இருபதுகள் கழிந்தன. முப்பதுகளும் முடியப் போயின. அவர் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

பிஸ்லி மைதானத்தில்

கடைசியில் 1948-ல் லண்டன் ஒலிம்பிக் வந்தது. நம் ஹாக்கி வீரர்கள் பிரிட்டனை 4–0 என்று தோற்கடித்துச் சுதந்திர இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார்களே, அதே பந்தயம்தான்.

துப்பாக்கிப் போட்டிகள் லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள பிஸ்லியில் நடந்தன. துப்பாக்கிக்காரர்களுக்கு அது ஒரு க்ஷேத்திரம். 1860-ல் விம்பிள்டனில் விக்டோரியா ராணி ஒரு விட்வொர்த் ரைபிளின் விசையைப் பட்டுக் கயிற்றால் இழுத்துத் தொடங்கி வைத்த போட்டிகள், 1890-லிருந்து பிஸ்லியில் நடந்து வருகின்றன. பட்டாளத்து ரைபிள்களை வைத்துக்கொண்டு குறி பழகிய மண் அது. யுத்தங்களில் உழைத்து ஓய்ந்த லீ-என்ஃபீல்டு போன்ற பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கென்றே இன்றும் அங்கே தனிப் போட்டிகள் உண்டு. கொல்லுவதற்குச் செய்த ஆயுதம் அங்கே காகிதத்தோடு மட்டும் சண்டை போடுகிறது.

டகாச் கலந்துகொண்ட போட்டியும் பட்டாளத்து வழி வந்ததுதான். அதற்குத் துரிதச் சுடு போட்டி என்று பெயர். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் ஆள் உருவம் எழுதிய ஐந்து பலகைகள் வரிசையாக நிற்கும். சுடுபவர் துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்துக் காத்திருப்பார். பலகைகள் சட்டென்று அவர் பக்கம் திரும்பும். ஒரு கையால், எந்த ஆதாரமும் இல்லாமல் துப்பாக்கியைத் தூக்கி ஐந்து பலகைகளையும் சுட வேண்டும். முதலில் எட்டு விநாடி, பிறகு ஆறு, கடைசியில் நாலே விநாடி! மொத்தம் அறுபது குண்டுகள். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் பத்து புள்ளி. முழு மார்க்கு 600.

பட்டம் அர்ஜெண்டைனாவின் கார்லோஸ் தியாஸ் சாயென்ஸ் வலியெண்டேக்குத்தான் என்று பலரும் முடிவு செய்திருந்தார்கள். முந்தைய ஆண்டின் உலக சாம்பியன் அவர். போட்டிக்கு முன் அவர் டகாச்சைக் கண்டு, லண்டனுக்கு எதற்காக வந்தீர்கள் என்கிற பாவனையில் விசாரித்ததாகவும், கற்றுக்கொள்ள வந்திருப்பதாக டகாச் அடக்கமாகச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

முடிவு வெளியாயிற்று. டகாச் 580 புள்ளி! பழைய உலக சாதனையைவிடப் பத்துப் புள்ளி அதிகம். அறுபது குண்டுகளில் அவர் இழந்த புள்ளி மொத்தமே இருபதுதான். உலக சாம்பியனுக்குக் கிடைத்தது 571, இரண்டாம் இடம். கற்றுக்கொள்ள வந்தவர் போதுமான அளவு கற்றுக்கொண்டுவிட்டார் என்று அந்த அர்ஜெண்டைனாக்காரரே பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டாராம்.

அப்போது டகாச்சுக்கு முப்பத்தெட்டு வயது. குண்டு வெடித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஒரே இரவில் நடந்த அற்புதம் அல்ல அது. பத்து வருஷத்து உழைப்பு.

குருவும் சீடனும்

நாலு வருஷம் கழித்து, 1952-ல், ஹெல்ஸிங்கி. ஹங்கேரிக்கு அது பொற்காலம். புஷ்காஷின் கால்பந்துக் கோஷ்டி உட்பட அந்தச் சின்ன நாடு பதினாறு தங்கப் பதக்கங்களை அள்ளியது.

டகாச்சுக்கு அங்கே ஒரு புது எதிரி. அவரே வளர்த்த எதிரி! ஸிலார்ட் குன் என்ற இளைஞர் அவரிடம் பயிற்சி பெற்றவர். இடது கையால் தாம் கற்றதைத் தமக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளாமல் டகாச் சீடனுக்கும் வாரி வழங்கியிருந்தார்.

சீடன் 578 புள்ளி எடுத்தான். குரு 579! ஒரே ஒரு புள்ளியில் தங்கம் குருவுக்கு, வெள்ளி சீடனுக்கு. ருமேனியாவின் லிக்கியார்டோபோலும் 578 எடுத்து வெண்கலம் பெற்றார். பழைய உலக சாம்பியன் கார்லோஸ் 577 எடுத்து நாலாவதாக வந்தார். முதல் நாலு பேருக்கும் இடையே இரண்டே புள்ளி வித்தியாசம்!

இந்தப் போட்டியில் ஒலிம்பிக் பட்டத்தை அடுத்து வந்த பந்தயத்திலும் தக்க வைத்துக்கொண்ட முதல் வீரர் டகாச்தான். இன்னொரு விசித்திரத்தையும் பாருங்கள். யுத்தம் அவருக்கு இரண்டு நகரங்களின் கதவை மூடியது: ஹெல்ஸிங்கி, லண்டன். அவர் தங்கம் வாங்கியதும் அதே இரண்டு நகரங்களில்தான்!

அந்தி வேளை

1956-ல் மெல்போர்ன் பந்தயத்துக்கும் போனார். வயது நாற்பத்தாறு. அந்த அக்டோபரில் ஹங்கேரியில் புரட்சி வெடித்து, நவம்பர் தொடக்கத்தில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டில் புகுந்திருந்தன. சில வாரங்களுக்குள் மெல்போர்னில் பந்தயம் தொடங்கியது. தாய்நாடு ரணமாகிக் கிடக்கும்போது கை நடுங்காமல் குறி பார்ப்பது யாருக்குத்தான் சுலபம்? டகாச்சுக்கு எட்டாவது இடம் கிடைத்தது.

அதோடும் அவர் ஓயவில்லை. 1958-ல் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். தம் நாட்டுப் போட்டிகளில் அவர் வென்ற பட்டங்கள் முப்பத்தைந்து.

1976-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி, பிறந்த ஊரான புடாபெஸ்டிலேயே டகாச் கண்ணை மூடினார். அறுபத்தாறாவது பிறந்த நாளுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. சார்ஜெண்ட் என்ற காரணத்துக்காக ஒரு காலத்தில் ஒலிம்பிக் வாசலில் நிறுத்தப்பட்ட அந்த மனிதர், ராணுவத்திலிருந்து லெப்டினண்ட் கர்னலாக ஓய்வு பெற்றவர்.

வித்தை எங்கே குடியிருக்கிறது என்று தொடக்கத்தில் கேட்டோம். கையில் இருந்திருந்தால் 1938-லேயே அது செத்திருக்கும். அது கைக்குப் பின்னால், இன்னும் ஆழத்தில் இருந்தது. வலது கதவு அடைபட்டதும் இடது கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. அந்தக் கதவைத் தள்ளித் திறக்க டகாச் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் உலகம் இரண்டு தங்கப் பதக்கங்களாகக் கண்டது.