வாடிய தோட்டம் தந்த பாடம்

நட்ட செடி பட்டுப்போனால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? தண்ணீரைக் கூட்டுவீர்கள், அல்லது உரம் வைப்பீர்கள். யென்ஸ் யென்சன் செய்தது வேறு.

டென்மார்க்கில் விவசாயக் குடும்பத்தில் 1860-ல் பிறந்தவர் அவர். 1884-ல் அமெரிக்கா சென்று, சிகாகோ நகரப் பூங்காவில் தொழிலாளியாகச் சேர்ந்தார். அங்கே வெளிநாட்டுப் பூச்செடிகளை நட்டுத் தோட்டம் போட்டார். அவை வாடிச் செத்தன. உடனே ஊருக்கு வெளியே போய், தானாக வளர்ந்த காட்டுச்செடிகளைப் பெயர்த்து வந்து, 1888-ல் யூனியன் பூங்காவில் நட்டார். அவை தழைத்தன.

காரணம் வேரில் இருக்கிறது. அந்தப் பகுதிப் புல்வெளிச் செடிகள் சிலவற்றின் வேர் 10 அடிக்கும் கீழே இறங்கும், வறட்சியைத் தாங்கும். அடிக்கடி வெட்டிப் பராமரிக்கும் அலங்காரப் புல்தரையின் வேரோ சில அங்குலம்தான். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பூங்கா நிர்வாகத்தின் ஊழலுக்கு உடன்பட மறுத்ததால் 1900-ல் யென்சனின் வேலை பறிபோனது. 1905-ல் அவரையே அழைத்துத் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அதன்பின் கொலம்பஸ் பூங்காவை உள்ளூர்ச் செடிகளாலேயே உருவாக்கினார். 1951-ல் மறைந்தார்.

அடுத்தமுறை நாற்று வாங்கப் போகுமுன், உங்கள் வரப்பில் யாரும் நடாமலே செழித்து நிற்பது எது என்று பாருங்கள்.