ஒரு நாடு ஏன் வளர்கிறது, இன்னொன்று ஏன் தேங்குகிறது? விடை தேடிய ஆர்தர் லூயிஸின் கதை

இன்ஜினியர் ஆகணும். 1930களின் தொடக்கத்தில் கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் லூசியா என்ற குட்டித் தீவில் ஒரு பையனின் ஆசை இதுதான். படிப்பில் கெட்டி. பிரிட்டனில் போய்ப் படிக்க அரசு ஸ்காலர்ஷிப்பும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஆசையை அவரே கைவிட வேண்டியிருந்தது. இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் திரும்பி வந்தால் வேலை யார் தருவார்கள்? காலனி அரசும் தராது, வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டங்களும் தராது. ஏன்னா, அவர் கருப்பினத்தவர்.

அந்தப் பையன் ஆர்தர் லூயிஸ். இன்ஜினியர் ஆக முடியாமல் பி.காம் படிக்கப் போனவர், 1979இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை வாங்கினார். அமைதிப் பரிசு தவிர்த்த வேறொரு துறையில் நோபல் பெற்ற முதல் கருப்பினத்தவர் அவர்தான். சில நாடுகள் பணக்கார நாடுகளாகவும் பல நாடுகள் ஏழை நாடுகளாகவும் இருப்பது ஏன்? வாழ்நாள் முழுக்க இந்த ஒரே கேள்வியைத்தான் அவர் துரத்தினார்.

அப்பா இல்லாத வீடு

1915 ஜனவரி 23 அன்று செயின்ட் லூசியாவின் தலைநகர் காஸ்ட்ரீஸில் லூயிஸ் பிறந்தார். அப்போது அது பிரிட்டிஷ் காலனி. அப்பாவும் அம்மாவும் ஆன்டிகுவா தீவிலிருந்து குடிவந்த ஆசிரியர்கள். ஐந்து ஆண் பிள்ளைகளில் இவர் நான்காவது.

ஏழு வயதில் உடம்பு சரியில்லாமல் சில வாரம் பள்ளிக்குப் போக முடியவில்லை. பாடம் விட்டுப்போய்விடக் கூடாதே என்று அப்பா வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். அந்தச் சில வாரங்களில் பையன் இரண்டு வகுப்புக்கான பாடத்தை முடித்துவிட்டான். ஆனால் சீக்கிரமே அப்பா இறந்துபோனார். ஐந்து பிள்ளைகளையும் அம்மா ஐடா ஒற்றை ஆளாக வளர்த்தார்.

14 வயதில் லூயிஸ் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார். ஸ்காலர்ஷிப் தேர்வு எழுத வயது போதவில்லை. சும்மா இருக்க முடியுமா? அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலைக்குப் போனார். 1932இல் தேர்வு எழுதி ஜெயித்தார். அடுத்த ஆண்டு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்தபோது, பொருளாதாரம் என்றால் என்னவென்றே அவருக்குச் சரியாகத் தெரியாது. ஊருக்குத் திரும்பினால் கணக்கு வழக்கு தெரிந்தவருக்கு ஏதாவது ஒரு வேலை கிடைக்கும் என்பதுதான் கணக்கு.

1937இல் முதல் வகுப்பில் தேறினார். 1938இல் அதே கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே பாடம் நடத்திய முதல் கருப்பினத்தவர். 1940இல் முனைவர் பட்டம். 1948இல், 33 வயதில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

லண்டனில் இருந்தாலும் மனசு ஊரில்தான் இருந்தது. 1930களில் மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தங்கள் வெடித்தன. பல இடங்களில் அவை கலவரமாக மாறி உயிர்ப்பலி வாங்கின. அந்தத் தொழிலாளர்களின் நிலையை விளக்கி லூயிஸ் எழுதிய சிறு நூலை 1939இல் ஃபேபியன் சங்கம் வெளியிட்டது. நாள் முழுக்க உழைக்கிற மனிதனுக்கு ஏன் வயிறு நிறையவில்லை என்ற கேள்வி அவருக்குள் அங்கேயே விழுந்துவிட்டது.

பாங்காக் தெருவில் கிடைத்த விடை

இரண்டு புதிர்கள் அவரைப் பல ஆண்டுகளாகக் குடைந்துகொண்டிருந்தன.

முதல் புதிர்: தொழிற்புரட்சி நடந்த பிரிட்டனில் உற்பத்தி எகிறியது, முதலாளிகளின் லாபம் எகிறியது. ஆனால் பல பத்தாண்டுகளுக்குத் தொழிலாளியின் கூலி பெரிதாக ஏறவே இல்லை. ஏன்?

இரண்டாவது புதிர்: எஃகு செய்கிற தொழிலாளிக்கும் காபி பறிக்கிற தொழிலாளிக்கும் வருமானத்தில் ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி? இரண்டு பேரும் உழைக்கத்தானே செய்கிறார்கள்?

1952இல் தாய்லாந்தின் பாங்காக் நகரில் ஒரு சாலையில் நடந்துகொண்டிருந்தபோது விடை சட்டென்று பிடிபட்டது. வேலைக்கு ஆள் கிடைப்பது ஓர் அளவுக்கு உட்பட்டது என்று அன்றைய பாடப் புத்தகங்கள் எடுத்துக்கொண்டன. ஏழை நாடுகளில் நிலைமை அப்படி இல்லையே! அங்கே வேலைக்கு ஆள் அள்ள அள்ளக் குறையாமல் இருக்கிறார்கள். இந்த ஒரு அனுமானத்தை மாற்றினால் இரண்டு புதிர்களும் அவிழ்ந்துவிடும் என்பது அவருக்குப் புரிந்தது. 1954இல் அதைக் கட்டுரையாக்கினார். வளர்ச்சிப் பொருளாதாரம் என்ற துறையின் அடித்தளங்களில் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது.

அப்படி என்ன சொன்னார்?

ஒரு கிராமத்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். சின்ன வயல், அதில் பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். உண்மையில் ஆறு பேர் போதும். மீதி நான்கு பேர் நகரத்து ஆலைக்குப் போனாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது. பத்துப் பேரும் இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடுவதால், ஆளுக்குக் கிடைப்பதும் கொஞ்சம்தான்.

ஆலை அந்தக் கொஞ்சத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் போதும், ஆட்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். கூலி ஏறாது, லாபம் ஏறும். அந்த லாபத்தை முதலாளி மறுபடியும் தொழிலில் போட்டால் இன்னொரு ஆலை வரும், இன்னும் கொஞ்சம் பேருக்கு வேலை கிடைக்கும். இந்தச் சக்கரம் சுற்றச் சுற்றக் கிராமத்தில் உபரி ஆட்கள் குறைவார்கள். ஒரு கட்டத்தில் உபரியே இருக்காது. அப்புறம் ஆள் வேணும்னா கூலியை ஏற்றித்தான் ஆகணும். இந்தக் கட்டத்தைத்தான் இன்று பொருளாதார நிபுணர்கள் 'லூயிஸ் திருப்புமுனை' என்கிறார்கள்.

எல்லாம் சரி, சக்கரத்தை யார் சுற்றுவது? இங்கேதான் சேமிப்பு வருகிறது. தேச வருமானத்தில் 4, 5 சதவீதம் மட்டும் சேமித்து முதலீடு செய்த ஒரு சமூகம், 12 முதல் 15 சதவீதம் வரை சேமிக்கிற சமூகமாக எப்படி மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்வதுதான் வளர்ச்சிக் கோட்பாட்டின் மையப் பிரச்சினை என்று லூயிஸ் கருதினார்.

ஆனால் பணம் மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. 1955இல் வெளியான வளர்ச்சிக் கோட்பாடு பற்றிய நூலில் மூன்று நேரடிக் காரணங்களை முன்வைத்தார். ஒன்று, முயற்சி எடுத்தால் பலன் நமக்கே கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மக்கள் புதிய வாய்ப்புகளைத் தேடுவது. இரண்டு, அறிவு பெருகுவதும் அது வயலிலும் ஆலையிலும் பயன்படுவதும். மூன்று, மூலதனம் சேர்வது. சட்டம், நில உரிமை, கல்வி, அரசின் நடத்தை ஆகிய எல்லாமே இந்த மூன்றுக்கும் துணை நிற்கலாம்; இல்லைன்னா முட்டுக்கட்டை போடலாம்.

தேயிலைத் தோட்டத்தின் கணக்கு

காபி புதிருக்கான விடையில் தமிழர்களின் வரலாறும் கலந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி ஐரோப்பாவிலிருந்து சுமார் 5 கோடிப் பேர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவு மக்கள் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வெப்பமண்டல நாடுகளின் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனார்கள். இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் போன தமிழர்கள் இந்த இரண்டாவது ஓட்டத்தில் சேர்ந்தவர்கள்.

இரண்டு கூட்டமும் கடல் கடந்தது. ஒரு கூட்டம் மட்டும் ஏன் வளமானது? ஐரோப்பியர் ஊரில் விவசாயத்திலேயே நல்ல விளைச்சல் கண்டவர். அவரைக் கடல் தாண்டிக் கூப்பிட அதைவிட அதிகக் கூலி கொடுத்தாக வேண்டும். இந்தியாவிலோ ஓர் ஏக்கரில் கிடைத்த தானியம் பிரிட்டனில் கிடைத்ததில் பாதிகூட இல்லை. அந்த விவசாயி மிகக் குறைந்த கூலிக்கே கப்பல் ஏறத் தயாராக இருந்தார். கூலி குறைவு என்பதால் தேயிலையும் ரப்பரும் மலிவாக விற்றன. தோட்டத்தில் உற்பத்தி பெருகினாலும் அதன் பலன் தொழிலாளிக்குப் போகாமல், மலிவு விலையாக வாங்குகிறவருக்கே போனது.

அப்போ தீர்வு? ஏற்றுமதிப் பயிரை மட்டும் பார்க்காமல் சாப்பாட்டுக்கான பயிரின் விளைச்சலை உயர்த்தணும். சொந்த வயலில் அதிகம் கிடைக்கிறவரைக் குறைந்த கூலிக்கு யாராலும் கூப்பிட முடியாது. லூயிஸ் என்றாலே தொழிற்சாலை என்று நினைப்பவர்கள் பலர். அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது விவசாயத்தை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

கானாவில் கசந்த கனவு

1957 மார்ச் 6 அன்று கானா சுதந்திரம் அடைந்தது. பிரதமர் குவாமே நிக்ருமா உலகம் முழுக்கக் கருப்பின மக்களின் நம்பிக்கை நட்சத்திரம். அதே ஆண்டு அவருடைய பொருளாதார ஆலோசகராக லூயிஸ் போய்ச் சேர்ந்தார். காலனிகளின் வளர்ச்சி பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவருக்கு, செய்து காட்ட ஒரு நாடே கிடைத்தது.

சில மாதங்களிலேயே உரசல் தொடங்கியது. நாடு உலகத்தின் கண்ணில் படும்படியான பெரிய திட்டங்கள் நிக்ருமாவுக்கு வேண்டும். கிராமத்துக்குக் குடிநீர், விவசாயிக்கு நல்ல விளைச்சல், கட்டுப்படியாகும் செலவு ஆகியவை லூயிஸுக்கு வேண்டும். அரசியல் லாபத்துக்காக மட்டும் சேர்க்கப்பட்ட திட்டங்களுக்கு அவர் தலையாட்டவில்லை. 1958இல் விசாரணையின்றி ஆட்களைச் சிறையில் அடைக்கும் தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் லூயிஸ் பதவியை விட்டு வெளியேறினார்.

பின்னர் கானா கோகோ விலைச் சரிவிலும் கடனிலும் சிக்கியது. 1966 பிப்ரவரியில் ராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்தது. அதற்கு முந்தைய ஆண்டே லூயிஸ் மேற்கு ஆப்பிரிக்க அரசியல் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். பல இனங்கள் வாழும் நாட்டில் ஒரு கட்சி ஆட்சி ஒற்றுமையைத் தராது, எல்லாத் தரப்புக்கும் அதிகாரத்தில் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். ஆட்சி சரியில்லாவிட்டால் நல்ல திட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும் என்பதை அவர் அனுபவித்தே கற்றார்.

சொந்த மண்ணிலும் அடி விழுந்தது. 1961இல் பொது வாக்கெடுப்பு நடத்தி ஜமைக்கா வெளியேற முடிவெடுத்ததும் மேற்கிந்தியக் கூட்டாட்சி ஆட்டம் கண்டது. சின்னத் தீவுகள் தனித்தனியாகத் தாக்குப்பிடிப்பது கஷ்டம் என்று நம்பிய லூயிஸ், மீதியையாவது ஒன்றாக நிறுத்தத் தலைவர்களிடம் ஓடி ஓடிப் பேசினார். பலனில்லை. 1962இல் கூட்டாட்சி கலைந்தது.

ஆனாலும் அவர் ஒதுங்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தார். 1963இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும், 1970இல் கரீபியன் வளர்ச்சி வங்கியின் முதல் தலைவர் பொறுப்பை ஏற்று, அதைக் கட்டியெழுப்பிவிட்டே திரும்பினார்.

தவறிய இடம் எது?

லூயிஸுடன் 1979 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் தியோடர் ஷுல்ட்ஸ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிராமத்தில் ஆட்கள் உபரியாக இருக்கிறார்கள் என்ற கருத்தையே ஷுல்ட்ஸ் ஏற்கவில்லை. அதற்கு அவர் காட்டிய சாட்சி இந்தியா. 1918-19 இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோயில் கோடிக்கணக்கானோர் இறந்தபோது இங்கே சாகுபடிப் பரப்பும் குறைந்தது. ஆட்கள் உண்மையிலேயே உபரி என்றால் அது குறைந்திருக்கக் கூடாதே என்பது அவர் வாதம். கொள்ளைநோய் குடும்பம் குடும்பமாகத் தாக்கும், அதை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது என்று அமர்த்தியா சென் மறுத்தார். விவாதம் நீண்டது.

வேறு ஓட்டைகளும் உண்டு. கிடைக்கிற லாபத்தை முதலாளி தொழிலில்தான் போடுவார் என்பது என்ன நிச்சயம்? வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆளைக் குறைக்கும் இயந்திரம் வாங்கலாம். வெளிநாட்டு நிறுவனங்களை அழைத்துத் தொழில் வளர்க்கலாம் என்று 1950இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு லூயிஸ் சொன்ன யோசனையில் இது கண்கூடாகத் தெரிந்தது. தீவுகளுக்கு ஆலைகள் வந்தன. எதிர்பார்த்த அளவு வேலை வரவில்லை.

ஆனாலும் கேள்வி பழசாகவில்லை. சீனாவில் கிராமங்களிலிருந்து கோடிக்கணக்கானோர் ஆலைகளுக்குப் போனார்கள். பிறகு கூலி ஏறத் தொடங்கியதும், சீனா லூயிஸ் திருப்புமுனையைத் தொட்டுவிட்டதா என்ற விவாதம் கிளம்பியது. இந்தியாவில் இன்னமும் வேலை செய்வோரில் பத்தில் நான்கு பேருக்கும் மேல் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டின் வருமானத்தில் விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். வயலை விட்டு வருகிறவருக்கு நிரந்தர ஆலை வேலை கிடைக்கிறதா, கட்டட வேலையும் டெலிவரி வேலையும் மட்டும்தான் கிடைக்கிறதா என்பதில்தான் பல குடும்பங்களின் எதிர்காலம் தொங்குகிறது.

1991 ஜூன் 15 அன்று பார்படோஸில் லூயிஸ் காலமானார். உடல் செயின்ட் லூசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் பெயர் தாங்கிய கல்லூரியின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அங்கே படிக்கிற பிள்ளைகளில் யாருக்காவது இன்ஜினியர் ஆகணும் என்று ஆசை வந்தால், தோல் நிறத்தைக் காட்டி வேலை இல்லை என்று சொல்ல இன்று அந்தத் தீவில் காலனி அரசு இல்லை.