25 வருஷம், ஒரே வேலை... எழுதிக்கொண்டே இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை!

ஜனவரி 1-ம் தேதி புது டைரி வாங்கி, பொங்கலுக்குள்ள எழுதுறதை நிறுத்துற ஆளா நீங்க? அப்போ இவரைப் பத்தி அவசியம் தெரிஞ்சுக்கணும்.

பெயர், ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் சென்னையில் பிறந்து, சின்ன வயதிலேயே அப்பாவுடன் புதுச்சேரிக்கு வந்தவர். வியாபாரி. பிரெஞ்சுக்காரர்களுக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷி. கவர்னர் டூப்ளே காலத்தில் தலைமை துபாஷியாகவே உயர்ந்தார்.

1736 செப்டம்பரில், 27 வயதில், தமிழில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். கப்பல் வந்த சேதி, சரக்கு விலை, கவர்னர் மாளிகைப் பேச்சு, ஊர் வம்பு, தன் மனக்குறை... எதையும் விடவில்லை. நடுவில் சில நாள்கள் விடுபட்டிருக்கலாம். ஆனால், பழக்கம் விட்டுப்போகவில்லை.

இன்றைக்கு ஒரு கலைஞர் மாதக்கணக்கில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால், அதை நிகழ்த்துகலை என்கிறோம். சுற்றி நின்று பார்க்கிறோம். பிள்ளை செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். என்ன, பார்க்கத்தான் ஆளில்லை. லைக்கும் இல்லை!

சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட நேரத்தில், வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. இடிக்கச் சொன்ன அரசிடம்தான் அவருக்கு வேலை. அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. நடந்ததை வேதனையோடு எழுதிவைக்க முடிந்தது. அதைச் செய்தார்.

1756-ல் பதவி போனது. உடம்பும் படுத்தியது. ஆனாலும் குறிப்புகள் தொடர்ந்தன. 1761 ஜனவரியில் அவர் இறந்த சில நாள்களிலேயே, 16-ம் தேதி, புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போனது. தன் ஊர் விழுந்ததை மட்டும் அவர் எழுதவில்லை.

அதன்பின் அந்த நோட்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 1846-ல்தான் வெளியே தெரியவந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் 12 தொகுதிகள்! பிரபஞ்சனின் `மானுடம் வெல்லும்' நாவலுக்கும் இந்தக் குறிப்புகள்தான் அடித்தளம்.

புதுச்சேரிக்கு வீக்எண்ட் போனால், பீச்சோடு திரும்பிவிடாதீர்கள். ரங்கப்பிள்ளை வீதிக்கும் போங்க. அவர் வாழ்ந்த வீடு இன்னமும் நிற்கிறது. பார்த்துட்டு ரூமுக்கு வந்ததும், அன்றைக்கு நடந்ததை நாலு வரி எழுதுங்க. யாருக்கும் அனுப்ப வேண்டாம். மறுநாளும் எழுதுங்க, அவ்வளவுதான்!