சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்

நூலறிவுடையோர் பலர்; வானைத் தம் கண்ணால் அளந்து, நூற்கணக்கைத் திருத்தத் துணிந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் வரலாற்றை நம் கல்லூரி மாணவர் அறிதல் நன்றென எண்ணி ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

இரகுநாதாச்சாரியார் பஞ்சாங்கங் கணிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். இளமையிலேயே சென்னை நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்திற் பணியேற்று, முதல் உதவியாளராக உயர்ந்தார். 1792இல் எழுந்த அந்நிலையத்திற்கு 1861 முதல் நார்மன் பொக்சன் என்னும் ஆங்கிலேயர் தலைவராயிருந்தார். விண்மீன்கள் தென்வடலான உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை அளந்து அட்டவணைப்படுத்துவது ஆச்சாரியாரின் முதன்மைப் பணியாயிற்று.

1867இல், ரெட்டிக்குலம் என்னும் சிறிய தென்மண்டலத்தில் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை அவர் கண்டறிந்தார். ஆர் ரெட்டிக்குலி எனப்படும் அம்மீன் ஏறத்தாழ 278 நாட்களுக்கு ஒருமுறை பொலிவுற்று மங்குவது. அண்மை நூற்றாண்டுகளில் இந்தியரொருவர் கண்டறிந்த முதல் மாறுவிண்மீன் இதுவே என்பர்.

புகழ்பெற்ற கிரீன்விச் நிலையத்தார் அதனை ஏன் முந்திக் காணவில்லை? அவர்தம் வானில் அது உதிப்பதேயில்லை. நாம் வடக்கே ஒரு பாகை சென்றால் துருவமீன் ஒரு பாகை உயரும். தென்வானில் ஒரு பாகை அடிவானத்தின் கீழ் மறையும். அம்மீன் தென்முனையிலிருந்து 27 பாகைத் தொலைவில் உள்ளது. ஆதலின், வட அகலக்கோடு 27 பாகைக்கு அப்பால் வாழ்வோர்க்கு அது தோன்றாது. கிரீன்விச் 51½ பாகையில் உள்ளது. சென்னையோ 13 பாகையில். சென்னையில் அம்மீன் தெற்கே 14 பாகை உயரம் வரை ஏறும். ஐரோப்பியர்க்கு வாய்க்காத அச்சிறு வான்பரப்பை ஆச்சாரியார் வீணாக்கவில்லை.

1868ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை நோக்க அவர் வனபர்த்திக்குச் சென்றார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அந்நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கி, இந்திய மொழிகள் சிலவற்றிலும் சிறுநூல் வெளியிட்டார். பழங்கணிதம் வானோடு பொருந்தாவிடின் கணிதமே திருந்தவேண்டும் என்பது அவர் கொள்கை. அதன்படி திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். மரபு பேணுவோரின் மறுப்புக்கும் அஞ்சினாரல்லர். நம்மவர்க்கென ஒரு வானாராய்ச்சி நிலையம் வேண்டுமென விரும்பினார். அது கைகூடுமுன் 1880இற் காலமானார்.

நம் உப்புக்குளம் ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. சென்னைக்குங் கிட்டாத நான்கு பாகைத் தென்வானம் நமக்கு மிகுதி. ஆச்சாரியாரின் மீன் இங்கு 18 பாகை உயரும். மாசி மாத முன்னிரவில், தெற்கே ஒளிரும் அகத்திய மீனுக்குத் தென்மேற்கில் அதன் இடம் உண்டு. வெறுங்கண்ணுக்கு எட்டாத அதனைக் காணச் சிறு தொலைநோக்கியும், மீன் பொலிவுற்ற காலமும், பொறுமையும் வேண்டும். சிற்றூரிற் பிறந்தோம் என்று நம் மாணவர் தாழ்வுறல் வேண்டா. நாம் நிற்கும் இடமும் ஒரு செல்வமே. அதனைப் பயன்கொள்ளும் கண்ணும் உழைப்புமே நம்மால் தேடற்பாலன.