திருச்சியில் தொடங்கிய சினிமாக்காரர்



கெயிட்டி, வெலிங்டன், பிரபாத் என்று திருச்சி தியேட்டர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் காலனியில் இன்னும் இருக்கிறீர்கள். அந்த வரிசைக்கெல்லாம் முன்னால் நிற்பவர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

1883-இல் கோவையில் பிறந்தவர். திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை. 1905-இல், ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே வந்து நோயில் படுத்தார். சொந்த நாட்டுக்குத் திரும்ப நினைத்தவரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் வாங்கிவிட்டார். விலை ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். வங்கியில் கடன் மனுக்களோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன், அவர் சம்பளத்துக்கு யாரும் அவ்வளவு கடன் கொடுத்திருக்க மாட்டார்கள்! வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு பெஷாவர், ரங்கூன் வரை போய் இயேசுவின் வாழ்க்கைப் படத்தைக் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். 1942-இல் காலமானார்.

வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. பழைய பெயர் வெரைட்டி ஹால் ரோடு என்று தெருவில் தங்கியிருக்கிறது. அவர் தொழில் தொடங்கிய நம் ஊரிலோ ஒரு பெயர்ப்பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் திருச்சி, ஸ்ரீரங்கம் தியேட்டர்களின் பழைய டிக்கெட், நோட்டீஸ், போட்டோ ஏதாவது இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சங்க அலுவலகத்தில் கொடுங்கள். ஸ்கேன் செய்துகொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம்.