பெயர் எழுதாத பையன்

1896-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி.

மதுரையில் ஒரு வீட்டு மாடியில் 16 வயதுப் பையன் ஒருவன் ஆங்கில இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டு இருந்தான். பாடம் படிக்காததற்குக் கிடைத்த தண்டனை. மூன்று தடவை எழுதவேண்டும். இரண்டு தடவை எழுதினான். பிறகு நோட்டைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான்.

அண்ணன் நாகசாமிக்குக் கோபம் வந்தது. இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று கடிந்துகொண்டார்.

பையனுக்கு அது நியாயமாகவே பட்டது!

அவன்தான் வெங்கடராமன். பிற்காலத்து ரமண மகரிஷி.

சொந்த ஊர் திருச்சுழி. தந்தை சுந்தரம் அய்யர் வக்கீல். 1892-ல் அவர் இறந்ததும் பையன் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தான். பந்து விளையாட்டிலும் குஸ்தியிலும்தான் ஆசை.

சில வாரங்களுக்கு முன்பு, நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே, திடீரென்று சாவு பயம் அவனைப் பிடித்தது. அவன் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போல விறைத்துப் படுத்தான். உடம்பு செத்தால் தானும் சாவோமா என்று தனக்குள்ளேயே ஆராய்ந்தான். எழுந்தபோது பயம் போய்விட்டது. பழைய பையனும் போய்விட்டான்.

கையெழுத்து எங்கே?

ஸ்பெஷல் வகுப்பு இருப்பதாகச் சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். தன் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிடும்படி அண்ணன் சொன்னார். அந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டான். மீதி 2 ரூபாயுடன் ஒரு கடிதம் எழுதி வைத்தான்.

நான் என்று தொடங்கிய கடிதம், சில வரிகளுக்குள் இது என்று மாறிவிட்டது. அடியில் கையெழுத்து இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு!

குழந்தைகளுக்கான படக்கதைகளிலும் ரமணர் வருகிறார். படம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தான் யார் என்று குழந்தை கேட்க அதைவிட நல்ல படம் கிடைக்காது.

ரெயிலிலும் நடந்தும் வந்தான். வழியில் கீழூரில் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தான். மீட்பதற்காகக் கொடுத்த விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலைக் கோவிலுக்குள் நுழைந்தான். அன்றே தலையை மழித்து, மிச்சக் காசைக் குளத்தில் எறிந்தான்.

ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தால் தெருப் பையன்கள் கல் எறிந்தார்கள். ஏறக்குறைய அவன் வயதுப் பையன்கள்தான்! தப்பிக்கப் பாதாள லிங்கக் குகைக்குள் போனான். அங்கே பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின.

தாலுகா ஆபீஸ் கணக்கர்

பின்பு ஊருக்கு வெளியே குருமூர்த்தத்தில் தங்கினார். அங்கே வந்த தாலுகா ஆபீஸ் கணக்கர் வெங்கடராமய்யர், சாமியின் பெயரும் ஊரும் தெரியாமல் சாப்பிடமாட்டேன், ஆபீசுக்கும் போகமாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். மவுனமாக இருந்த இளைஞர், வேறு வழியில்லாமல் தன் பெயரையும் ஊரையும் எழுதிக் காட்டினார். அதுவும் ஆங்கில எழுத்தில்! கேட்டவர் பெயரும் அதே பெயர்தான் என்பது வேடிக்கை.

திருச்சுழி எங்கே இருக்கிறது என்று கணக்கருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியபுராணத்தைப் புரட்டி, சுந்தரர் பாடிய தலம் என்று சுட்டிக் காட்டினார்.

1898-ல் தாய் அழகம்மாள் தேடி வந்தார். நாள் தவறாமல் அழுதார். மகன் பேசவில்லை. விதிப்படியே நடக்கும், சும்மா இருப்பதே நல்லது என்ற கருத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பெற்றவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! தாய் திரும்பிப் போனார். ஆனால் 1916-ல் மகனிடமே வந்து சேர்ந்தார். 1922-ல் அவர் இறந்தபோது மகன் பக்கத்திலேயே இருந்தார். அந்தச் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது.

இதற்கிடையே, 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற சர்க்கார் உத்தியோகஸ்தர் தான் யார் என்ற கேள்வியுடன் மலைக்கு வந்தார். பதில்களை எழுதியே காட்டினார் ரமணர். 1923-ல் அது "நான் யார்?" என்ற சிறு நூலாக வெளிவந்தது.

ரமணர் என்ற பெயரும் அவர் வைத்துக்கொண்டது அல்ல. 1907-ல் காவியகண்ட கணபதி சாஸ்திரி வைத்தது. வெங்கடராமனைச் சுருக்கிவிட்டார். இவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

1938-ல் ஆசிரமத்துக்காக ஓர் உயில் தயாரானது. கையெழுத்துப் போடவேண்டிய இடம் வந்தது. ரமணருக்கு அப்போது வயது 58.

பேனாவை வாங்கி ஒரு கோடு போட்டார்.

1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு 8-47 மணிக்கு அவர் உயிர் பிரிந்தது.